பண்டமும் பாண்டமும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, தாமிரபரணிக் கரைக் கைவினைகளை ஆராய்ந்தவர் என்று ஒரு போடு போட்டார். ஆராய்ச்சியெல்லாம் இல்லை. நான் செய்தது ஒருநாள் ஊர்சுற்றல். என் தங்கை பேத்தி லீவுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தாள். பத்து வயசு. அவளுக்கு அல்வா வேண்டும். அவள் ஆச்சிக்கு மீன்குழம்பு வைக்க ஒரு மண்சட்டி வேண்டும். எனக்கு வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு சாக்கு வேண்டும். மூன்றும் ஒரே பஸ்ஸில் அடங்கிவிட்டன.

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற பஸ். பத்தமடை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக ஊர்கள். அம்பாசமுத்திரம் வரைக்கும் நாற்பது கிலோமீட்டர்கூட வராது. ஆனால் இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் ஊர் நினைவுக்கு வராது, பொருள்தான் நினைவுக்கு வரும். பத்தமடை என்றால் பாய். காருக்குறிச்சி என்றால் பானை. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு நாதஸ்வரம். கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். அம்பாசமுத்திரம் என்றால் மரச்செப்பு. புறப்படுகிற ஊரின் பொருள் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தலைப்பைப் பார்த்துவிட்டு, எழுத்துப்பிழையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிழை இல்லை. திருநெல்வேலிப் பக்கம் பண்டம் என்றால் தின்பண்டம். வெளியூர் போய் வந்தவரைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, ‘பண்டம் வாங்கிட்டு வந்தியளா?’ என்பதுதான். பொதுத்தமிழில் அதே சொல்லுக்குப் பொருள் என்றுதான் அர்த்தம். பண்டமாற்று என்கிறோம், பண்டகசாலை என்கிறோம். அதில் ஒரு கால் போட்டால் பாண்டம். சமைக்கிற, வைக்கிற, மூடுகிற கலம். இரண்டும் ஒரே வேரா, வடசொல்லா தென்சொல்லா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஒரு கால்தான் வித்தியாசம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றைக் காலில் பெரிய தூரம் இருக்கிறது என்பதை அன்றைக்குச் சாயங்காலம் கண்டுகொண்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியதுமே பேத்தி அல்வா என்று ஆரம்பித்துவிட்டாள். நெல்லையப்பர் கோயில் பக்கத்து இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், அதற்குப் பிறகு வாங்கலாம் என்றேன். கேட்கிற வயசா? பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடையில் சுடச்சுட நூறு கிராம் வாங்கினோம். வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். இலையில் அது நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும். தின்று முடித்து, விரலில் ஒட்டிய நெய்யை நக்கி, திகட்டாமல் இருக்க ஒரு பிடி மிக்சரை வாயில் போட்டுக்கொள்வதுதான் ஊர் முறை.

இந்த அல்வாவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து, கை ஓயக் கிண்டி எடுப்பது. கோதுமை எங்கள் வயலில் விளைவது இல்லை. சொக்கம்பட்டி ஜமீன்தார் காசிக்குப் போய்வந்த வழியில் வடநாட்டு ராஜபுத்திரக் குடும்பத்தை அழைத்து வந்தார், அவர்கள் வழியாக அல்வா வந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். இருட்டுக்கடையும் சிங் குடும்பத்தாருடைய கடைதான். ஆக, தானியம் வெளியூர், செய்முறை வெளியூர், செய்த கை வெளியூர். ஆனாலும் அது திருநெல்வேலி அல்வா. ஏன் என்று கேட்டால் தாமிரபரணித் தண்ணீர் என்பார்கள். உலகத்தில் எந்த ஆற்றுக்கும் ஒரு மிட்டாய் இவ்வளவு பெருமை சேர்த்திருக்காது. இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. வந்ததை எல்லாம் தன்னூர்ப் பண்டமாக்கிக்கொள்வது நாக்கின் நல்ல குணம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்த நிலக்கடலை தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. மணிலாக்கொட்டை என்று வடக்கே சொல்கிற பெயரிலேயே அது வந்த வழி இருக்கிறது. தூத்துக்குடி மக்ரூனில் போடுகிற முந்திரியைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். அதையெல்லாம் தின்றுவிட்டு நம் பாரம்பரியம் என்று ஏப்பம் விடுகிறோம். விடலாம், தப்பில்லை.

ஆனால் அந்த ஆற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் நிஜமாகவே நடக்காத ஒரு வேலை பக்கத்து ஊரில் இருக்கிறது. பத்தமடையில் இறங்கினோம். சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர். முதலில் கண்ணில் பட்ட ஒரு கடையில் ‘பாய் இருக்கா?’ என்றதும் சட்டென்று ஒன்றை எடுத்து விரித்தார்கள். கோரை மாதிரியே நிறம், கோரை மாதிரியே கரை. பேத்தி அதன் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, ‘தாத்தா, இது பிளாஸ்டிக்’ என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஆராய்ந்தவர் என்று தலைவர் சொன்னாரே, அந்த ஆராய்ச்சியின் லட்சணம் இதுதான்.

பிறகு விசாரித்துக்கொண்டு தெருவுக்குள் போனோம். நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை, ராவுத்தர் வீட்டுப் பெண்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியம்மாவிடம் பேத்தி கேட்டாள், ‘நான் பாக்கலாமா?’ ‘வாம்மா, பாக்கதுக்கு என்ன, காசா?’ என்று உள்ளே அழைத்துப் போனார்.

தறி நிற்கிற தறி இல்லை, தரையோடு படுத்துக் கிடக்கிற தறி. பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்குக் கோரை. அந்தக் கோரையின் கதையைத்தான் கேட்க வேண்டும். ஆற்றங்கரையில் பச்சையாக அறுக்க வேண்டும். காயவைக்க வேண்டும். பட்டுப்பாய்க்கு எடுத்துக்கொள்வதை ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம்போல ஊறப்போட வேண்டும். கட்டிக் கிடக்கிற தண்ணீர் உதவாது, ஆறு வேண்டும். ஊறி உப்பியதைத் திரும்பக் காயவைத்து, உள்ளே இருக்கிற சோற்றை நீக்கி, மேல்தோலைக் கத்தியால் கிழித்துக் கிழித்து நூலுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். கிழிக்கக் கிழிக்கப் பாய் பட்டாகும். சாதாரணப் பாய் ஐம்பது கவுண்ட் என்றால் பட்டுப்பாய் நூறிலிருந்து நூற்றிநாற்பது வரைக்கும் போகும். அப்படி நெய்ததைச் சுருட்ட வேண்டியதில்லை, வேட்டியைப் போல மடித்து வைக்கலாம். சிவப்புக்கு முன்பெல்லாம் சப்பாங்கட்டைச் சாயம்தான். கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை பெண் பெயரும் தேதியும் பாயிலேயே நெய்து வந்துவிடும். எழுத்தை நெய்கிற கை வேண்டும் அதற்கு.

‘எத்தனை நாள் ஆகும் பெரியம்மா?’

‘நல்ல பாய்னா மாசம் ஆயிரும் தம்பி. இடுப்பு இருக்க வரைக்கும் நெய்யலாம்.’

இந்தப் பாய்க்கும் புவிசார் குறியீடு உண்டு. கடலைமிட்டாய்க்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். ஆனால் குறியீடு கிடைத்த பிறகும் தறிகள் பெருகவில்லை. சாதாரணப் பாய்க்கான கோரையே இப்போது கரூர்ப் பக்கமிருந்து லாரியில் வருகிறது.

பெரியம்மா சொன்ன ஒரு வார்த்தை என்னை அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டது. ‘எங்க மாமியா நெய்த பாயி இன்னும் வீட்ல கெடக்கு. எம்புள்ள பொறந்தப்ப விரிச்சது. அவன் புள்ளையும் அதுலதான் படுத்துது.’ பெருமையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அல்வாக்காரருக்கு நாம் நாளைக்கும் வாடிக்கை. தின்றால் தீர்ந்துபோகிறது, தீர்ந்தால் திரும்பிப் போகிறோம். பாய்க்காரருக்கு நாம் ஆயுளுக்கு ஒருமுறை வாடிக்கை. நன்றாக நெய்தால் இருபது வருஷம் திரும்பி வரமாட்டோம். மோசமாக நெய்தால் என்றைக்கும் வரமாட்டோம். தீர்ந்துபோகிற பண்டம் செய்தவர் மாடி கட்டுகிறார். தீராத பொருள் செய்தவருக்கு அந்தத் தீராமையே எதிரி. கைத்திறன் அழிகிறது என்று மேடைக்கு மேடை புலம்புகிறோமே, மக்களுக்கு ரசனை போய்விட்டது என்று திட்டுகிறோமே, ரசனை எங்கேயும் போகவில்லை. கணக்குதான் உதைக்கிறது.

அங்கிருந்து காருக்குறிச்சி. இறங்கியதும் நாதஸ்வரம் காதில் கேட்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாதஸ்வர வித்வான் காருக்குறிச்சி அருணாசலம் இந்த ஊரில் பிறந்து, கோவில்பட்டியில் வாழ்ந்து, 1964இல் மறைந்தவர். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஜானகியின் குரலோடு போட்டி போட்ட அந்தச் சீவாளியை நினைத்துக்கொண்டே வேளார் தெருவுக்குப் போனேன். சூளையிலிருந்து இறக்கின சட்டிகள் வாசலில் அடுக்கியிருந்தன. கழுத்து மெலிந்த குடம், வாயகன்ற சட்டி, பொங்கல் பானை, அடுப்புக்கட்டி. இப்போது தட்டையாக ஒரு தோசைச்சட்டியும், கைப்பிடி வைத்த வாணலியும், குழாய் வைத்த தண்ணீர்ப் பானையும் செய்கிறார்கள்.

சட்டி வாங்கத் தெரியுமா உங்களில் யாருக்காவது? பார்த்து வாங்கக்கூடாது, கேட்டு வாங்க வேண்டும். இடது உள்ளங்கையில் வைத்து வலதுகை விரல்கணுவால் தட்ட வேண்டும். ‘ணங்’ என்றால் வெந்த சட்டி. ‘டொப்’ என்றால் கீறல். பேத்தி ஒரு பத்துச் சட்டியைத் தட்டி ஒரு கச்சேரியே நடத்தினாள். நாதஸ்வரக்காரர் ஊரில் அதுவாவது நடக்கட்டும் என்று வேளாரும் சிரித்துக்கொண்டிருந்தார். வாங்கின பிறகு உடனே அடுப்பில் ஏற்றக்கூடாது. அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி வைத்து, கொதிக்கவிட்டு, நாலைந்து நாள் பழக்க வேண்டும். மருமகள் மாதிரிதான், முதல் நாளே மீன்குழம்பு கேட்டால் வெடித்துவிடும் என்றார். இந்த உவமையை என் பேத்தி வீட்டில் சொல்லாமல் இருக்க நான் கொடுத்த லஞ்சம் தனிக் கதை.

மண்தான் அவருக்குப் பெரிய பாடு. குளத்து மண் வேண்டும். குளத்தில் மண் எடுக்க அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கிற மாசத்தில் குளத்தில் தண்ணீர் கிடக்கும். தை மாசத்து விற்பனைதான் வருஷச் சோறு. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குப் புதுப்பானை, அடுப்புக்கட்டி, எரிக்கப் பனையோலை, கிண்டச் சிரட்டை அகப்பை, தின்னப் பனங்கிழங்கு எல்லாம் ஒன்றாகச் சந்தைக்கு வரும். வருஷத்தில் அந்த ஒரு வாரம் மட்டும் பண்டமும் பாண்டமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இங்கே ஒரு விஷயம். இதே ஆற்றின் கீழ்ப்பக்கம், திருநெல்வேலிக்குக் கிழக்கே, ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மன்காரர் தோண்டினார். 1899க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ பல வருஷம் தோண்டினார். இப்போது அங்கே கண்ணாடித் தளத்தின்மேல் நின்று காலடியில் முதுமக்கள் தாழிகளைப் பார்க்கலாம். ரீ எடுத்த கலயங்கள் பலவற்றுக்குள் நெல் உமியும் தினை உமியும் இருந்தன. பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் ஏறக்குறைய 3,200 ஆண்டுப் பழசு என்று 2021இல் அரசு அறிவித்தது. செத்தவருக்கும் பசிக்கும் என்று நினைத்த மனுஷர்கள், சட்டியில் சோற்றுக்குத் தானியம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். தானியம் பெரும்பாலும் போய்விட்டது. ஒட்டியிருந்த உமி மிச்சம். சட்டி முழுசாக இருக்கிறது. ஒரு நாகரிகத்தைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் சட்டி சொல்லித்தான் தெரிகிறது, அல்வா சொல்லி இல்லை. இதை வேளாரிடம் சொன்னேன். ‘அதுவும் எங்க ஆளுதான் செஞ்சிருப்பாவ. அதுக்கு யாரு காசு குடுத்தாவளோ’ என்றார்.

வீரவநல்லூரில் இறங்கவில்லை; கைத்தறிச் சேலை வாங்கினால் யாருக்கு வாங்கினாய் என்ற கேள்வி வரும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கினோம். உளுந்துமாவு, பிரண்டைச் சாறு, காரம், உலக்கை இடி, இவ்வளவுதான் விஷயம். வெயில் இருக்கிற வீட்டில் எல்லாம் காய்கிறது. அப்பளம் தீர்ந்துபோகிற ஜாதி, ஆகவே அது பிழைத்துக்கொள்ளும்.

அம்பாசமுத்திரத்தில்தான் பேத்திக்குக் கண் விரிந்தது. கடைசல் பிடித்து, அரக்குச் சாயம் ஏற்றின மரச்செப்பு. முன்பு மஞ்சக்கடம்பு மரத்தில் செய்வார்கள். ஓலைப்பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். கையளவு அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, குடம், சருவம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, ‘இது என்ன தாத்தா? இது எதுக்கு?’ என்று கேட்டாள். திருகைக்கு நான் விளக்கம் சொல்ல அஞ்சு நிமிஷம் ஆனது. கடைக்காரர் இன்னொரு பெட்டியைத் திறந்தார். அதில் மரத்தில் கடைந்த காஸ் அடுப்பு, சிலிண்டர், மிக்சி. அவள் அந்த மிக்சியைத்தான் தேர்ந்தெடுத்தாள். தெரிந்த பொருளோடுதானே பிள்ளைகள் விளையாடும். நிஜ அடுக்களையிலிருந்து வெளியேறின அம்மி பொம்மையாகப் போய்ச் சேர்ந்தது, இப்போது பொம்மைப் பெட்டியிலிருந்தும் கிளம்புகிறது.

இந்த இடத்தில் நீங்கள் என்னை மடக்கலாம். உங்கள் வீட்டில் அம்மியிலா அரைக்கிறீர்கள் என்று. இல்லை. மிக்சிதான். அம்மி போனதற்கு நான் அழமாட்டேன். என் அம்மா தோள்பட்டை வலியோடு தேங்காய் அரைத்ததைப் பார்த்தவன் நான். அம்மித் துவையலின் ருசியைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் யார் என்று விசாரித்தால் பெரும்பாலும் அம்மியில் அரைக்காத ஆண்களாக இருப்பார்கள். உழைப்பை ருசியாக்கிப் பேசுவது தின்றவர் வசதி. ஆனால் பாயும் சட்டியும் அந்த ரகம் இல்லை. பாயில் படுக்க யார் இடுப்பும் ஒடிய வேண்டியதில்லை. சட்டியில் குழம்பு வைக்க யார் தோளும் வலிக்க வேண்டியதில்லை. அவை நம் வீட்டை விட்டுப் போனதற்குச் சௌகரியம் காரணம் இல்லை, நாம் காசு கொடுக்க யோசித்ததுதான் காரணம்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், காருக்குறிச்சியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பேரம் பேசினேன். பழக்கம். வேளார் சொன்ன விலையில் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டேன். அவரும் குறைத்தார். சாயங்காலம் திருநெல்வேலி திரும்பி, கீழ ரதவீதியில் இருட்டுக்கடை முன்னால் வரிசையில் நின்றேன். முக்கால் மணி நேரம். ஒரு கையில் பேத்தி, மறு கையில் சட்டி. எனக்கு முன்னால் நாற்பது பேர், பின்னால் அதைவிடக் கூட. அத்தனை பேரில் ஒருத்தர்கூட விலையைக் கேட்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கிடைத்ததே என்று வாங்கிக்கொண்டு போனார்கள். நானும்தான். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற பண்டத்துக்குக் காத்து நின்று சொன்ன விலை கொடுத்தேன். பத்து வருஷம் வரப்போகிற பாண்டத்துக்குப் பத்து ரூபாய் குறைத்தேன். கையில் இருந்த சட்டி அப்போது கனத்தது.

இன்னொரு கால் மாறாட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் பண்டம் வந்ததே பாண்டத்தில்தான். சாத்தூர்ப் பக்கத்துக் கருப்பட்டி மிட்டாய் ஓலைப்பெட்டியில் வரும். மிட்டாய் தீர்ந்த பிறகு பெட்டியில் பனையோலை மணமும் கருப்பட்டி மணமும் கலந்து நிற்கும். பிள்ளைகள் பெட்டிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு திரிவார்கள். பிறகு அதில் அம்மா ஊசி நூல் போட்டு வைப்பாள். மிட்டாய் விற்றவருக்கும் பெட்டி முடைந்தவருக்கும் ஒரே நேரத்தில் வாடிக்கை நடந்தது. தீர்கிற பொருளின் தோளில் தீராத பொருள் ஏறிப் போனது. பிளாஸ்டிக் பை அந்தத் தோளைத் தட்டிவிட்டுவிட்டது. 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும், சில மிட்டாய்க் கடைகளில் ஓலைப்பெட்டி திரும்பத் தலைகாட்டியது. விசேஷ வீடுகளில் தாம்பூலம் ஓலைக் கொட்டானில் கொடுக்கிறார்கள். இது நல்ல வழி என்று எனக்குப் படுகிறது. பாயையும் சட்டியையும் பெட்டியையும் கண்காட்சியில் வைத்துக் கும்பிட வேண்டாம். தினம் தீர்கிற பண்டத்தோடு சேர்த்து அனுப்புங்கள். தயிரைச் சட்டியோடு விற்கிற கடைக்காரர் ஒருவர் ஒரு சூளைக்கு வருஷம் முழுக்க வேலை கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே வெளியூரிலிருந்து வந்திருக்கிற நண்பர்கள் நாளைக்கு எப்படியும் அல்வா வாங்கத்தான் போவீர்கள். வாங்குங்கள். ஆனால் சாயங்காலம்தானே கடை திறக்கும், காலை பூராவும் சும்மா கிடக்கிறது. பாபநாசம் பஸ்ஸில் ஏறி பத்தமடையில் இறங்குங்கள். ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்து வாங்குங்கள். காருக்குறிச்சியில் சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா பஸ்ஸும் பத்தமடையில் நிற்பதில்லை.